கொம்புமுறியும் கணினி விளையாட்டும்: ஒரே ஆய்வேட்டில் அடங்குமா?

வைகாசி_மகள் | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணிப் பதிவுக்காக முன்மொழிவு ஒன்றைக் கொடுத்திருந்தேன். தலைப்பு: 'மட்டக்களப்புக் கொம்புமுறியும் கணினி விளையாட்டுகளும்: ஓர் ஒப்பீடு'. கொம்புமுறி தெரியாதவர்களுக்கு: வடசேரி, தென்சேரி என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து, கொளுவிய இரண்டு வளைந்த கொம்புகளில் ஒன்று முறியும்வரை இழுக்கும் ஆட்டம். போன வாரம் அது திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: 'விளையாட்டு வேறு, ஆய்வு வேறு.'

இந்தத் தலைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அம்மப்பாவின் அலுமாரியில் ஒரு சீஆர் கொப்பி இருந்தது. முன்பக்கத்திலிருந்து வடசேரிப் பாட்டுகள், கொப்பியைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து தென்சேரிப் பாட்டுகள். இரண்டும் நடுவில் வந்து முட்டுகின்றன. அந்த நடுப்பக்கங்களைத்தான் கறையான் தின்றிருக்கிறது. நான் அதைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த இரவுகளில் பக்கத்து அறையில் தம்பி 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' விளையாடிக்கொண்டிருப்பான். இரண்டு அணி, ஒருவரை ஒருவர் ஏசுவது, தோற்றவன் முகம் தொங்குவது, மறுநாள் மறுபடியும். எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன.

இப்படி ஓர் ஆய்வுத்துறை உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது பென்சில் வரிதான் சரியா? ஆறுதல் வேண்டாம், பதில் வேண்டும்.

ஓய்ந்த_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.50

மகள், கோபிக்க வேண்டாம். பென்சிலால் எழுதியவர் பக்கம்தான் நான். கொம்புமுறி கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்தது. ஊரில் அம்மை, வரட்சி என்று வந்தால் அம்மனைக் குளிர்விக்க ஆடியது. அதையும், பையன்கள் கண் சிவக்க இரவெல்லாம் சுட்டுத்தள்ளுவதையும் ஒரு தராசில் வைத்தால், தராசுக்குத்தான் அவமானம். அம்மப்பாவின் கொப்பியைப் பதிப்பித்துப் பாடபேதம் காட்டி, சொற்பொருள் அகராதி சேருங்கள். அதுவே ஒரு நல்ல ஆய்வேடு.

பழையபிரதி | ஞாயிறு, இரவு 11.05

வாத்தியார் ஐயா, கூத்தையும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னோம். படிக்காதவர் ஆட்டம் என்று தள்ளிவைத்தோம். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு கூத்தை மேடையேற்றிய பின்னர்தான் பட்டம் பெற்றவர்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்று வடமோடியும் தென்மோடியும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன.

தங்கச்சி, துறை இருக்கிறது. இரண்டு வாசல் கொண்டது, நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

முதல் வாசல் எண்மிய மானுடவியல், அதாவது இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினி கொண்டு ஆராய்வது. அதன் தொடக்கத்தைச் சொல்லும்போது ரொபேர்ட்டோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியாரைத்தான் முதலில் சொல்வார்கள். இயேசு சபைக்காரர். இயேசு சபையார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரி இருக்கும் மட்டக்களப்பில் அந்தச் சபையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இடைக்கால இறையியலாளர் தோமஸ் அக்குவைனஸ் எழுதியவற்றில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று ஒரு சொல்லடைவு செய்ய விரும்பி, 1949இல் ஐபிஎம் நிறுவனத்தின் கதவைத் தட்டினார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். இயந்திரம் வாசிக்கும் துளையட்டைகளில் ஏற்றி முடிக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அச்சில் 56 தொகுதிகள். அட்டைகளைத் துளைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களுடைய பெயர்களைத் தேடிச் சேர்ப்பதே இப்போது தனி ஆய்வாகிவிட்டது. நம் பக்கத்தில், தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998இல், ஈழத்து நூல்களை ஏற்றும் 'நூலகம்' தளம் 2005இல். இரண்டையும் நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பீர்கள்.

இரண்டாவது வாசல் விளையாட்டியல். ஹொய்சிங்கா என்ற டச்சு வரலாற்றாசிரியர் 1938இலேயே விளையாட்டிலிருந்துதான் பண்பாடு எழுகிறது என்று வாதிட்டார். சடங்குக்கும் விளையாட்டுக்கும் நடுவே அவர் மதில் கட்டவில்லை. விளையாட்டுக்கென்று கோடு கீறி ஒதுக்கிய களமும் கோயில் வீதியும் அவர் கண்ணுக்கு ஒரே இனம். ஆகவே உங்கள் ஒப்பீடு பைத்தியக்காரத்தனம் அல்ல. கணினி விளையாட்டுக்கென்றே தனி ஆய்விதழ் 2001இல் வந்தது. அதைத் தொடங்கியவர் எஸ்பன் ஓர்செத். விளையாட்டைக் கதையாக வாசிப்பதா, விதிகளாக வாசிப்பதா என்று அந்தக் காலத்தில் பெரிய சண்டை நடந்தது. இப்போது ஓய்ந்துவிட்டது. இரு பக்கத்தாருக்கும் வயதாகிவிட்டது.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 2023இல் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 வீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. கறையான் கொப்பிக்கு மட்டும் வருவதில்லை.

வைகாசி_மகள் | திங்கள், காலை 6.40

நன்றி அண்ணா. ஒப்பீட்டுக்கு ஓர் உதாரணம் தருகிறேன், சரியா என்று பாருங்கள். தம்பி விளையாடும் பதிப்பில் 2022இல் 'திராவிடர்' என்ற இனம் சேர்க்கப்பட்டது. இராசேந்திர சோழனின் படையெடுப்பும் அதில் உண்டு. திரிசடை என்று ஒரு கப்பல். உறுமி ஏந்திய வீரன் ஒருவன். முதல் நாள் தம்பி சிரித்துக்கொண்டே ஓடிவந்தான், 'அக்கா, நம் ஆள் மேளத்தால் அடிக்கிறான்' என்று. அது சேர நாட்டுச் சுருள்வாள் என்று விளக்க எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

என் கண்ணில் பட்டது வேறு. அந்த இனத்தின் மீனவர் மற்றவர்களைவிட 15 அலகு கூடுதலாகச் சுமப்பார்கள். ஒவ்வொரு காலகட்டம் மாறும்போதும் 200 அலகு மரம் இலவசமாக வரும். மரம் என்றால் தோணி, கப்பல். 'நைட்' என்ற கனத்த கவசக் குதிரை வீரர் வரிசையோ இல்லவே இல்லை. கதையில் ஒரு வரி சொல்லாமல், கணக்கிலேயே 'இவர்கள் கடல் மக்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். கல்லடிக் கடற்கரையில் வளர்ந்தவளுக்கு இது சும்மா எண்ணாகத் தெரியவில்லை.

எண்_பொறுக்கி | திங்கள், காலை 8.15

சும்மா எண்தான் அக்கா. நான் மென்பொருள் வேலை செய்கிறவன். இவை சமநிலைக்காகப் போடும் எண்கள். ஓர் இனம் அதிகம் வெல்கிறது என்று தரவு காட்டினால் அடுத்த திருத்தத்தில் குறைப்பார்கள், தோற்றால் கூட்டுவார்கள். அதற்குள் நெய்தல் திணையைத் தேடினால், சோதிடர் கைரேகை பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

பழையபிரதி | திங்கள், முற்பகல் 11.30

இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. விதிகளாலேயே ஒரு வாதத்தை முன்வைக்க முடியும் என்பதை விளையாட்டு ஆய்வாளர் இயன் பொகோஸ்ட் 2007இல் நூலாக எழுதி நிலைநிறுத்தினார். வைகாசி_மகள் கண்டது அதைத்தான். எண்_பொறுக்கி சொல்வதும் ஆய்வுக்குத் தேவை: எந்தத் திருத்தப் பதிப்பு, எந்தத் திகதியில் விளையாடியது என்று குறிக்காமல் எண்ணை மேற்கோள் காட்டினால், பதிப்பாண்டு இல்லாத நூலை மேற்கோள் காட்டியதற்குச் சமம். ஆனால் தம்பி, மரத்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதுதான் சமநிலை. குதிரையை விட்டு மரத்தைத் தேர்ந்ததே ஒரு கருத்துத்தான்.

பழைய_கபே_நானா | திங்கள், இரவு 10.20

படித்தவர்கள் பேசும் இடத்தில் கடைக்காரன் வாய் திறக்கலாமா தெரியவில்லை. சுனாமிக்கு அடுத்த வருடம் கல்முனையில் எட்டுக் கணினிகளோடு ஒரு நெட் கபே போட்டேன். இணையம் பேருக்குத்தான். கூட்டம் வந்ததெல்லாம் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' விளையாட. எட்டையும் வயரால் இணைத்து விட்டால் இரவு கடை மூடும்வரை சத்தம் ஓயாது. சாய்ந்தமருது முஸ்லிம் பிள்ளைகளும் பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருப்பார்கள்.

நீங்கள் சீடியில் இருக்கும் விதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் கடையில் வேறு விதி நடந்தது. ஒரு காட்போட்டில் எழுதிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தேன். நான் உண்டாக்கியது இல்லை, பிள்ளைகள் சண்டை போட்டுப் போட்டு முடிவு கட்டியது. கத்திச் சுற்றில் துப்பாக்கி எடுத்தால் அடுத்த அரை மணிக் காசு அவன் தலையில். தூரத்தில் இருந்து ஒரே வெடியில் ஆளை விழுத்தும் அந்தப் பச்சைத் துப்பாக்கி ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். புதிதாக வந்த சின்னப் பிள்ளையை முதல் மூன்று சுற்றுக்கு யாரும் குறிவைக்கக் கூடாது. மஃரிப் பாங்கு கேட்டால் எல்லோரும் மவுஸில் இருந்து கையை எடுத்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சுட்ட ஒருவனை ஒரு கிழமை கடைக்குள் விடவில்லை. அவனைத் தள்ளிவைக்கச் சொன்னது பாண்டிருப்புப் பிள்ளைகள்.

அந்த விளையாட்டு இன்றும் இணையத்தில் கிடைக்கும். நான் சொன்ன விளையாட்டு எங்கே கிடைக்கும்?

வைகாசி_மகள் | திங்கள், இரவு 10.41

நானா, இதை மூன்று தரம் வாசித்துவிட்டேன். அந்தக் காட்போட் இன்னும் இருக்கிறதா?

பழைய_கபே_நானா | திங்கள், இரவு 10.58

2014இல் கடையை மூடினேன். பிள்ளைகள் கைக்குப் போன் வந்துவிட்டது. சாமான்கள் உம்மாவின் வீட்டு அறையில் குவிந்திருக்கின்றன. இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் உண்டு, பழைய அகல வாய் இணைப்பு, சுற்றுமோ தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தேடிப் பார்க்கிறேன்.

தென்சேரிப்_பேரன் | செவ்வாய், காலை 5.55

நான் தேற்றாத்தீவுப் பக்கம். எங்களிடம் கொம்புச்சந்தி என்று ஓர் இடமே இருக்கிறது, பிள்ளையார் கோயிலும் அந்தப் பெயரில்தான். ஆட்டம் குறைந்துபோனாலும் சந்தி பெயரை விடவில்லை.

வைகாசி_மகளுக்கு ஒன்று. வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரிதான். இரண்டு வளைந்த கொம்பைக் கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இழுப்பது, எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. இதுவும் சரிதான். ஆனால் இதை மட்டும் வாசித்தவன் கயிறிழுத்தல் போட்டி என்று நினைத்துவிடுவான். சிறுவனாக நான் கயிற்றின் கடைசியில் நின்றிருக்கிறேன். கொம்பு பட்டென்று முறிவதில்லை. முதலில் ஒரு முனகல் வரும். அந்த முனகலைக் கேட்டதும் முன்னால் நிற்கும் பெரியவர்கள் இழுப்பை மாற்றுவார்கள், கையால் பின்னுக்குச் சைகை காட்டுவார்கள். சிலவேளை சைகை 'விடு' என்று இருக்கும். ஏன் விட வேண்டும்? அப்பாவிடம் கேட்டேன். 'இன்று முறிந்தால் நாளைக்கு எதை இழுப்பது?' என்றார். நாட்கணக்கில் நடக்க வேண்டிய ஆட்டம் முதல் நாளே முடிந்துவிடக் கூடாது. அந்தக் கணக்கு எந்தக் கொப்பியிலும் இல்லை. உங்கள் அம்மப்பாவின் கொப்பியில் பாட்டு இருக்கும், எந்தப் பாட்டை எந்த நேரத்தில் நிறுத்த வேண்டும் என்பது இருக்காது.

சிங்களத்தில் இதற்கு அங்கெலிய என்று பெயர். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர பத்தினி (நம் கண்ணகி) வழிபாட்டைப் பற்றிய பெரிய நூலில் விரிவாக எழுதியிருக்கிறார், 1984இல் வந்தது. அங்கே மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று பிரிவு. அதையும் பாருங்கள்.

எண்_பொறுக்கி | செவ்வாய், காலை 9.05

'இன்று முறிந்தால் நாளைக்கு எதை இழுப்பது' என்பது விளையாட்டு வடிவமைப்பாளன் கேட்கும் கேள்வி. ஆட்டம் சீக்கிரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பதற்குத்தான் நாங்கள் இரவு பகலாக எண்களை மாற்றுகிறோம். நேற்றுச் சொன்ன 'சும்மா எண்' என்பதை வாபஸ் வாங்குகிறேன், பாதி மட்டும்.

வைகாசி_மகள் | செவ்வாய், மாலை 4.30

நேற்று இரவு ஒரு சிறிய விபத்து. கொப்பியில் இதுவரை தட்டச்சுச் செய்தவற்றில் 'கொம்பு' என்று தேடினேன். பாதிக்கு மேல் காணவில்லை. கண்ணுக்கு முன்னால் சொல் இருக்கிறது, கணினி இல்லை என்கிறது. அரை நாள் அழுகை.

பழையபிரதி | செவ்வாய், மாலை 5.10

அழ வேண்டாம், ஒரு கட்டளையில் தீரும். 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையாக ஏற்றலாம். ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு துண்டு, அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று துண்டு. திரையில் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே வேறு. நீங்கள் பாதியை ஒரு விசைப்பலகையிலும் மீதியைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து மாற்றியும் செய்திருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கம் செய்துவிட்டுத் தேடுங்கள். கொம்பைத் தேடப் போய் ஒற்றைக் கொம்பில் இடறியிருக்கிறீர்கள்!

கேலி இல்லை, இதையும் ஆய்வேட்டின் முறையியல் இயலில் ஒரு பந்தி எழுதுங்கள். அடுத்து வருபவர் இடறாமல் இருக்கட்டும்.

ஓய்ந்த_வாத்தியார் | செவ்வாய், இரவு 8.00

எல்லாவற்றையும் வாசித்தேன். மஃரிப் பாங்கு விதியை இரண்டு தரம் வாசித்தேன். என் மனம் முழுதாக மாறவில்லை, ஆனால் கேள்வி கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறேன். மகள், வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்பார்கள்: உன் ஆய்வுக் கேள்வி என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள் பார்ப்போம்.

வைகாசி_மகள் | செவ்வாய், இரவு 8.22

கொம்புமுறிக்கும் கணினி விளையாட்டுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைக் கண்டறிதல்.

ஓய்ந்த_வாத்தியார் | செவ்வாய், இரவு 8.25

இது கேள்வி அல்ல, சந்தைப் பட்டியல். ஆட்டுக்கும் மேசைக்கும் நான்கு கால் என்று கண்டுபிடித்து என்ன செய்வது?

வைகாசி_மகள் | செவ்வாய், இரவு 8.49

மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் விளையாட்டின் வழியே தம் அடையாளத்தை எப்படிக் கட்டமைக்கிறார்கள்?

ஓய்ந்த_வாத்தியார் | செவ்வாய், இரவு 8.53

இது எல்லா ஆய்வேட்டிலும் உள்ள கேள்வி. பெயரை மாற்றினால் புட்டுக்கும் பொருந்தும். கொப்பியை மூடிவைத்துவிட்டு யோசியுங்கள்.

உலக்கைப்பூ | செவ்வாய், இரவு 9.30

இடையில் நுழைகிறேன். நான் ஆய்வாளர் இல்லை, ஆனால் 'வெண்பா' என்ற கணினி விளையாட்டை விளையாடியவள். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றி ரொறன்ரோவில் செய்தது, 2023இல் வந்தது. அம்மாவின் சமையல் கொப்பி கிழிந்து, மை கரைந்து போயிருக்கும். விட்டுப்போன வரிகளைச் சமைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று கொப்பியில் இருக்காது. எந்த ஒழுங்கு சரி என்பதை அடுக்கிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். என் அம்மாவும் எனக்கு அதை வாயால் சொன்னதில்லை, கையைத் தட்டிவிட்டுத்தான் காட்டினார். உங்கள் கறையான் தின்ற கொப்பியை வாசித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

வைகாசி_மகள் | செவ்வாய், இரவு 11.37

ஐயா, இது சரியா பாருங்கள்: எழுதிவைக்காத விதியை ஓர் ஊர் எப்படிக் காக்கிறது, அதை மாற்றும் உரிமை யாருக்கு இருக்கிறது? கொம்புச்சந்தியில் ஒன்று, கல்முனைக் கடையில் ஒன்று என்று இரண்டு களம் மட்டும். பாட்டுக் கொப்பி பின்னிணைப்பு. திராவிடர் இனம் வேண்டாம். அது என் கேள்விக்குள் வரவில்லை, வலிக்கிறது, ஆனால் வெட்டிவிட்டேன்.

ஓய்ந்த_வாத்தியார் | புதன், காலை 5.20

இது கேள்வி. 'ஒப்பீடு' என்ற சொல்லைத் தலைப்பில் இருந்து எடுத்துவிடுங்கள். பென்சிலைத் தூண்டுவது அந்தச் சொல்தான்.

பழையபிரதி | புதன், காலை 7.45

நல்லது. நெறிமுறைக் குழுவுக்கு முன்கூட்டியே ஆயத்தமாகுங்கள். இன்று 'ஃப்ரீ ஃபயர்' விளையாடும் பிள்ளைகளைச் சேர்க்க நினைத்தால், பதினெட்டு வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். கபே காலத்துப் பிள்ளைகள் இப்போது பெரும்பாலும் முப்பது தாண்டியவர்கள், அது வசதி. ஆனால் பாங்கு நேரத்தில் சுட்டவரின் பெயரை எழுதாதீர்கள். அவரும் இன்று ஒரு தகப்பனாக இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் சுற்றினால், முதலில் முழுப் பிரதி ஒன்று எடுத்துவிட்டுப் பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். விளையாட்டைப் பொதுவில் ஏற்ற வேண்டாம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. உங்களுக்குத் தேவை விளையாட்டு அல்ல, அதைச் சுற்றி அவர்கள் விட்டுப்போனவை.

பழைய_கபே_நானா | வெள்ளி, மாலை 4.15

ஒரு டிஸ்க் சுற்றவில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. மற்றதைத் தொடவில்லை, நீங்கள் சொன்னபடி பிரதி எடுக்கத் தெரிந்த ஆள் வரட்டும்.

காட்போட் கிடைத்துவிட்டது தங்கச்சி. உம்மா அதை அரிசி மூட்டைக்குக் கீழே ஈரம் பிடிக்காமல் போட்டிருந்தார். பின்பக்கத்தில் ரீலோட் காட் விலைகள். முன்பக்கத்தில் எட்டு விதி, ஏழு வாசிக்கலாம். ஐந்தாவது அழிந்துவிட்டது, 'கதவடியில்' என்ற சொல் மட்டும் தெரிகிறது. கட்டாரில் இருக்கும் பழைய பிள்ளைகள் இரண்டு பேருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். ஒருவன் சொல்கிறான், விளையாட்டில் வரும் பெரிய கதவடியில் ஒளித்து நின்று சுடக் கூடாது என்று. மற்றவன் சொல்கிறான், இல்லை, கடைக் கதவடியில் நின்று மற்றவன் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று. இரண்டு பேரும் சத்தியம் பண்ணுகிறார்கள். எதைச் சரி என்று போடுவது?

வைகாசி_மகள் | வெள்ளி, மாலை 4.19

இரண்டையும் போடுங்கள் நானா. யார் எந்தக் கணினியில் இருந்து விளையாடியவர் என்றும் கேட்டுவையுங்கள், கதவுக்குப் பக்கத்திலா தூரத்திலா என்று. ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன்.